கேட்டில் தங்கிய நாற்பத்தைந்து மில்லி ஜூல்

பவுடர் கோட்டிங் தொழிலில் பெயிண்ட்டை நாம் அடிப்பதில்லை. அதுவே போய் இரும்பில் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டாத அன்றைக்கு அடி நமக்கு விழுகிறது.

கம்ப்ரசர் சத்தத்துக்குப் பாதிக் காதைக் கொடுத்துவிட்டு, மீதிக் காதால் வாடிக்கையாளர் பேரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் சக பட்டறைக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் வலி உங்களுக்குத்தான் புரியும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பழைய இரும்பு வாங்கி விற்றேன். கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் திட்டு வாங்கியே தொழில் கற்றேன். பிறகு காரைக்குடியில், அரியக்குடி போகிற சாலையில், தகரக் கொட்டகை போட்டுச் சொந்தமாக உட்கார்ந்தேன். எனக்கு இரண்டே குணம். எவன் எந்த எண்ணைச் சொன்னாலும் பாதியில் ஆரம்பிப்பேன். எதிர்த்துப் பேசினால் கத்துவேன். இந்த இரண்டும்தான் எனக்குச் சோறு போட்டன. இரண்டுக்கும் மசியாத எண் ஒன்று இருக்கிறது என்பது போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது.

பின்பக்கத்துக் கூலி

சிங்கம்புணரியிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் டிராக்டரில் தோப்பு வாசலுக்கான இரும்புக் கேட்டு ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பேன் என்றார். நிற்கட்டும் என்று விட்டேன். எங்களிடம் கன் பிடிப்பவர் கார்மேகம். கன் என்பது மாவு மாதிரி இருக்கிற பெயிண்ட்டை ஊதுகிற துப்பாக்கி. ஊதும்போதே ஒவ்வொரு பொடிக்கும் மின்னேற்றம் கொடுத்து அனுப்பும். கேட்டு கொக்கியில் தொங்கும். கொக்கியிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் எர்த்துக்குப் போகும். மின்னேறிய பொடி மண்ணைத் தேடிப் பாய்கிற வழியில் இரும்பு குறுக்கே நிற்பதால் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஓவனில் வைத்தால் உருகிப் பிடித்துவிடும்.

தோப்புக்காரர் முதலில், "பசைய எப்பத் தடவுனீக?" என்று கேட்டார். பசையே கிடையாது என்றேன். நம்பவில்லை. கேட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தார். கார்மேகம் முன்பக்கம் மட்டும்தான் ஊதியிருந்தார். பொடி கம்பியைச் சுற்றி வளைத்துப் பின்பக்கமும் பாதி ஏறியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மின்னேற்றத்தின் மகிமையைப் பத்து நிமிஷம் விளக்கினேன். விளக்கியது தப்பு. மனிதர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்ப முன்பக்கத்துக்கு மட்டும் கூலி போடுங்க. பின்பக்கம் அதாப் போயி ஒட்டுச்சு, நீங்க என்ன செஞ்சீக?"

ஆச்சி கொண்டுவந்த ஜன்னல்

நாட்டரசன்கோட்டையில் ஓர் ஆச்சி தங்கள் குடும்ப வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். மதுரையில் வியாபாரம், வாரம் ஒருமுறை காரில் வந்து வேலையைப் பார்ப்பார். அந்த வீட்டு ஜன்னல் கம்பிகள் எல்லாம் கொடி கொடியாக, சுருள் சுருளாக வளைத்தவை. மாதிரிக்கு ஒன்றைக் கொண்டுவந்து, "இதுக்குப் பச்சை அடிச்சுக் காட்டுங்க தம்பி" என்றார். அடித்தோம். சுருளின் வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி வந்தது. உள்மூலையில் பொடி போகவே இல்லை. ஆச்சி சுண்டுவிரல் நகத்தை மூலைக்குள் விட்டு இழுத்தார். நகத்தில் வந்தது வெறும் இரும்புத் தூள்.

மூலைகளைச் சரிசெய்வேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அந்த வேலை வந்தால் ஆறு மாதத்துக்கு எங்கள் ஓவன் அணையாது. வராவிட்டால் அடுத்த மாதம் கார்மேகத்தையும் மற்ற இரண்டு பேரையும் என்ன செய்யச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. ஆச்சி இன்னொரு நிபந்தனையும் போட்டார். பட்டறைக்குத் தீ இன்சூரன்ஸ் இருக்க வேண்டும், அதுவும் மார்கழிக்கு முன்னால். இல்லையென்றால் ஜன்னல் எல்லாம் மதுரைக்குப் போய்விடும். இரும்பு எரியுமா ஆச்சி என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எரியாது தம்பி, வளையும். வளைஞ்ச கம்பிய நிமித்துறதுக்கு எங்குட்டுப் போயி ஆள் தேடுறது?"

பூசைக்குப் பிறகு

இன்சூரன்ஸுக்கு எழுதிப் போட்டேன். சர்வேயர் வந்து பார்ப்பார் என்றார்கள். அதற்குள் ஆயுத பூசை வந்தது. இரண்டையும் சேர்த்தே கொண்டாடினோம். துரு என்று ஒன்று கண்ணில் படக்கூடாது என்று நான் கத்திய கத்தலில், கார்மேகம் இருந்த பச்சை எனாமலை எடுத்து ஸ்பானர், ஸ்டூல், ஹேங்கர், கொக்கி, கிளாம்ப் எல்லாவற்றுக்கும் இரண்டு கை அடித்தார். மேலே சந்தனம், குங்குமம். பட்டறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. நானே ஃபோட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

பூசை முடிந்து வேலையைத் தொடங்கினால் பொடி ஒட்டவில்லை. ஒட்டினதும் சோம்பேறி மாதிரி நழுவிக் கீழே விழுந்தது. நான் பொடி விற்ற வியாபாரியைப் பிடித்துத் திட்டினேன். அவர் ஈரக்காற்று என்றார். மழையைத் திட்ட முடியாததால் கார்மேகத்தைத் திட்டினேன். பொடியை இரண்டு மடங்கு ஊது என்றேன். ஊதினதும் இன்னொன்று ஆரம்பித்தது: கேட்டை இறக்கப் போன கார்மேகத்தைக் கேட்டு கரண்டு மாதிரி அடித்தது. வயரே இல்லாத இரும்பு, எப்படி அடிக்கும்? கார்மேகம் கையை உதறிக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தார்:

"பூசை போட்டதுலருந்து கேட்டுக்குச் சாமி வந்துருச்சுண்ணே. நீங்க வேணா வந்து குறி கேளுங்க."

அண்ணன் தம்பி பலகைகள்

அரியக்குடியில் ஒரு அண்ணன் தம்பி, பொதுவாக இருந்த வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு வாசல், ஆளுக்கு ஒரு பெயர்ப்பலகை. மெல்லிய தகரம்தான். கூலி மிச்சம் என்று இரண்டையும் ஒன்றாகவே அனுப்பியிருந்தார்கள். அதில் மட்டும் பாகப்பிரிவினை இல்லை. ஒரே ஹேங்கரில் ஒரு சாண் இடைவெளியில் தொங்கவிட்டு ஊதினோம். ஊத ஊத இரண்டு பலகையும் நேராகத் தொங்காமல், ஒன்றை விட்டு ஒன்று வெளிப்பக்கமாக விலகி நின்றன. காற்று என்று நினைத்து ஃபேனை நிறுத்தினேன். அப்போதும் விலகித்தான் நின்றன.

அன்றைக்குப் பார்த்து அண்ணன்காரர் பலகையை வாங்க வந்திருந்தார். பொடி ஊதுகிற பூத்துக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் அந்த இரண்டையும் பார்த்தார். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"விடுங்க. எழுதியிருக்குற பேரு அப்படி."

கேட்டு சொல்ற விலை

சர்வேயர் வந்தார். திருச்சிப் பக்கத்துப் பெண், என்ஜினியர், முப்பது வயதுக்குள். தோளில் ஒரு பை. நான் இளநீர் வெட்டி வைத்திருந்தேன்; தொடவில்லை. தொங்குகிற கேட்டில் வேலையைக் காட்டுங்கள் என்றார். கார்மேகம் ஊதினார். அவர் தள்ளி நின்று கையளவு மீட்டர் ஒன்றைக் கேட்டுப் பக்கம் நீட்டினார். பிறகு கன்னை நிறுத்தச் சொன்னார். ஃபேன் பொடிப் புகையை இழுத்து முடிக்கிற வரை காத்திருந்தார். யாரும் கேட்டைத் தொட வேண்டாம் என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "இதுல எவ்வளவு எனர்ஜி சேர்ந்திருக்குன்னு கணக்குப் போட்டிருக்கீங்களா சார்?" என்றார். கேட்டிலா, இங்கே கார்மேகத்திடமே எனர்ஜி கிடையாது என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். இல்லை.

அவர் பொறுமையாகச் சொன்னார். கேட்டுக்கு வந்த மின்னேற்றம் மண்ணுக்கு இறங்காமல் அதிலேயே தங்கினால், அது சும்மா தங்காது, அழுத்தத்தோடு தங்கும். தங்குகிற ஆற்றலுக்குக் கணக்கு உண்டு. ஏற்றத்தைத் தாங்குகிற கொள்ளளவு ஒரு எண், அழுத்தம் ஒரு எண். அழுத்தத்தை அதாலேயே பெருக்கு, கொள்ளளவால் பெருக்கு, பாதியாக்கு. இந்த அளவு கேட்டுக்குக் கொள்ளளவு நூறு பைகோ ஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம். மீட்டர் காட்டுகிற அழுத்தம் முப்பதாயிரம் வோல்ட். விடை நாற்பத்தைந்து மில்லி ஜூல். அதே ஆற்றல் ஒரு பொறியாகப் பொடிப் புகைக்குள் குதித்தால் தீப்பிடிக்கும், இந்த நிலையில் இன்சூரன்ஸ் தர முடியாது என்றார்.

எனக்கு ஜூலும் தெரியாது, மில்லியும் தெரியாது. ஆனால் ஒருவர் எண் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். "நாப்பத்தஞ்சு ரொம்ப ஜாஸ்தி மேடம். இருபதுன்னு போட்டு முடிச்சுக்குவோம்" என்றேன். அவருக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

"சார், இது நான் சொல்ற விலை இல்ல. கேட்டு சொல்ற விலை."

கை நீட்டி வாங்கியது

என் குரல் ஏறியது. பதினெட்டு வருஷத் தொழில், ஒரு தீக்குச்சி அளவுகூடத் தீப்பிடித்ததில்லை, பொட்டி தூக்கிக்கொண்டு வந்து ஒரு மணி நேரத்தில் முடியாது என்றால் என்ன அர்த்தம் என்றேன். பேரத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்களில் பலருக்கும் இருக்கும்: கடைசி வார்த்தையைச் சொல்லும்போது எதையாவது ஓங்கித் தட்டுவேன். மேசை, கல்லாப்பெட்டி, லாரி பானெட், எது கிடைத்தாலும். அன்று கைக்கு எட்டியது அந்தக் கேட்டு. பட்டறைக்குள் நான் செருப்போடு நுழைவதில்லை. அதனால் காலும் வெறுங்கால், சிமெண்ட் தரை.

நீல நிறத்தில் ஒரு கோடு பார்த்தேன். பட்டென்று ஒரு சத்தம். பிறகு நான் கீழே விழுந்த பொடியைக் கூட்டி வைத்திருந்த தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். உடம்பெல்லாம் யானைத் தந்த நிறப் பொடி. கை தோள்வரை மரத்திருந்தது. புகை முழுக்க வெளியே போயிருந்ததால் தீப்பிடிக்காமல் அத்தோடு போயிற்று. கார்மேகம் ஓடி வந்தவர், தூக்கலாமா தொடலாமா என்று தெரியாமல் பாதியில் நின்றார். சர்வேயர் குனிந்து, உங்களுக்கு ஒன்றும் இல்லையே என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் மீட்டரைக் கேட்டுப் பக்கம் நீட்டிப் பார்த்தார். பூஜ்யம்.

"சார், இப்போதைக்கு உங்க பட்டறையில ஒழுங்கா வேலை செய்ற எர்த் நீங்க ஒருத்தர்தான்."

பச்சை எனாமல்

கேட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று அவர் பையிலிருந்து எடுத்த இன்னொரு மீட்டரின் முனையை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கேட்டு சரி. கொக்கியில் நின்றார். எர்த் கம்பியைக் கவ்வியிருக்கிற கிளாம்பில் நின்றார். "இதுக்கெல்லாம் யார் பெயிண்ட் அடிச்சது?" என்றார். பாராட்டப் போகிறார் என்று நினைத்துக் கார்மேகம் ஒரு அடி முன்னால் வந்தார். நானும் வந்தேன். ஆயுத பூசைக்கு அடித்தது மேடம், இரண்டு கை எனாமல் என்றோம். அவர் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து, கொக்கியின் உள்வளைவை நான்கு இழுப்பு இழுத்தார். வெள்ளை இரும்பு தெரிந்தது. முனையை வைத்தார். மீட்டர் பீப்பென்று பாடியது.

கொக்கியில் பெயிண்ட் இருந்தால் கேட்டு அந்தரத்தில் தொங்குகிற மாதிரிதான். ஏறியது இறங்காது, பொடியும் ஒட்டாது. அண்ணன் தம்பி பலகை விஷயத்தைக் கேட்டேன். இரண்டுக்கும் ஒரே ஜாதி ஏற்றம், இரண்டும் இறங்க வழியில்லை, அதனால் ஒன்றை ஒன்று தள்ளுகின்றன என்றார். தள்ளுகிற திசைக்கு எதிராக அவற்றை நெருக்கிக் கொண்டுவர நாம் செலவழிக்கிற உழைப்புதான் அவற்றுக்கு நடுவே ஆற்றலாகச் சேர்கிறதாம். இரண்டு ஏற்றத்தையும் பெருக்கி இடைவெளியால் வகுக்கிற கணக்கு. இடைவெளியைப் பாதியாக்கினால் ஆற்றல் இரண்டு மடங்கு. பாகப்பிரிவினை பேசப் போகிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வது இதனால்தான் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது, மேடத்திடம் சொல்லவில்லை.

பெயிண்ட்டைச் சுரண்டச் சொன்னதும் கார்மேகத்தின் முகம் செத்துப்போனது. உப்புத்தாளைக் கையில் வாங்கிக்கொண்டு என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"கண்ணுக்குத் தெரியாத சாமிக்கே அம்புட்டு அலங்காரம் பண்றோம். கண்ணுக்கு முன்னாடி நிக்கிற எர்த்துக்குப் பண்ணக் கூடாதாண்ணே?"

பன்னிரண்டு சைபர்

போகும்போது சர்வேயர் எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார். மறுபடி வந்து பார்ப்பேன். அதற்குள் உங்கள் பட்டறையில் தொங்குகிற சாமான்களில் பெரிய கேட்டுக்கும் சின்ன பலகைக்கும் ஆற்றல் எவ்வளவு சேரும் என்று நீங்களே போட்டு அனுப்புங்கள், முதலாளிக்குத் தெரியாத ஆபத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்றார். ஃபோன் கால்குலேட்டரோடு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். முப்பதாயிரத்தை முப்பதாயிரத்தால் பெருக்கினேன்; சைபர் திரையை விட்டு வெளியே போனது. பைகோ என்றால் பன்னிரண்டு சைபர் என்று சொல்லியிருந்தார். சைபர் என்றால் பின்னால்தானே போடுவார்கள்? போட்டேன். பாதியாக்கினேன். வந்த எண்ணைப் பார்த்து எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது. அனுப்பிவிட்டேன்.

ஐந்து நிமிஷத்தில் ஃபோன் வந்தது. பைகோவின் சைபர்கள் பெருக்குவதற்கு இல்லை, வகுப்பதற்கு என்றார். அதாவது கொள்ளளவு நூறு இல்லை. நூறைப் பன்னிரண்டு சைபரால் வகுத்த ஒரு துளி. அந்தத் துளிக்கும் முப்பதாயிரத்தின் வர்க்கத்துக்கும் நடக்கிற இழுபறியில் மிஞ்சுவதுதான் என்னைத் தொட்டிக்குள் உட்கார வைத்தது. நான் விடவில்லை. அப்படியென்றால் நான் அனுப்பினது எவ்வளவுதான் கூடுதல் என்று கேட்டேன். ஒரு நிமிஷம் சார் என்றார். கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன், சிரிப்பை அடக்கியிருக்கிறார்.

"உங்க கணக்குப்படி கேட்டைத் தொட்டிருந்தா, சார், காரைக்குடியே இல்ல. நான் திருச்சியிலருந்து பேசிட்டும் இருக்க மாட்டேன்."

பாதி கொடுத்தால் முக்கால்

சைபரை இடம் மாற்றிப் போட்டுப் பழகியதில் ஒன்று கண்ணில் பட்டது. கன்னில் ஒரு திருகு உண்டு. அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். காசு கொடுத்து வாங்கின மிஷின், முழுசாக ஓடட்டும் என்று வாங்கிய நாளிலிருந்து அதைக் கடைசியிலேயே வைத்திருந்தேன். திருகைப் பாதியில் வைத்தால் கேட்டில் தங்குகிற அழுத்தமும் பாதியாகும், முப்பதாயிரம் பதினைந்தாயிரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நாற்பத்தைந்தில் பாதி வரும் என்று எதிர்பார்த்தேன். பதினொன்றே கால் வந்தது. மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் பதினொன்றே கால். நான் பாதி விட்டுக்கொடுத்தேன், அது முக்கால் பங்கு தள்ளிக் கொடுத்தது. என் ஆயுளில் எந்த வியாபாரியும் எனக்கு இப்படி ஒரு தள்ளுபடி கொடுத்ததில்லை. மேடத்துக்கு ஃபோன் செய்தேன். கணக்கு சரி, ஆனாலும் எர்த் கட்டாயம், திருகைக் குறைப்பது அதற்கு மாற்று இல்லை என்றார். சரி என்றேன்; கத்தவில்லை.

திருகைப் பாதிக்கு இறக்கி, ஆச்சி விட்டுப்போன ஜன்னலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சுரண்டிய கொக்கியில் தொங்கவிட்டோம். கார்மேகம் ஊதினார். முழு அழுத்தத்தில் பொடி அவசரப்பட்டு எதிர்ப்பட்ட விளிம்பிலேயே விழுந்து அடைத்துக்கொள்ளும். இப்போது நிதானமாக மிதந்தது. சுருளுக்குள் நுழைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம்: இத்தனை நாள் வெறும் இரும்பாகக் கிடந்த உள்மூலையில் பச்சை படிந்திருந்தது. பத்து வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிற கார்மேகம், கன்னைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"கத்தாம கூப்புட்டா, மூலையில இருக்கிறவனும் வருவாண்ணே."

பொட்டுக்கு இடம்

மறுபார்வைக்கு மேடம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. எனக்குப் பயமே இல்லை. கொக்கி எல்லாம் சுரண்டியாகிவிட்டது, முந்தின நாள் மாலையே புதிதாக வாங்கிய மீட்டரை நான் வைத்துப் பார்த்துவிட்டேன். மண்ணுக்குப் போகிற வழியில் தடை ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் போதும். மேடம் முனையை வைத்தார். மீட்டர் பாடவில்லை. இன்னொரு கொக்கி. பாடவில்லை. மார்கழி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. குனிந்து பார்த்தேன். சுரண்டி வைத்த ஒவ்வொரு வளைவிலும், சரியாகக் கேட்டு உட்கார்கிற அந்த வெள்ளை இடத்தில், காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

கத்த வாயைத் திறந்தேன். கார்மேகம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெயிண்ட்டைச் சுரண்டச் சொன்னீர்கள், சுரண்டினேன். வெள்ளிக்கிழமை பொட்டு வைக்காத கொக்கியைத் தொட மாட்டேன், நீங்களே கன்னைப் பிடியுங்கள் என்றார். இந்த ஊரில் கன் பிடிக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஒரே வித்தையான பேரத்துக்குப் போனேன். "உள்வளைவு கரண்டுக்கு, வெளிவளைவு சாமிக்கு" என்றேன். வெளிவளைவு யார் கண்ணுக்கும் தெரியாதே என்றார் கார்மேகம். கிளாம்பின் தலையையும் சேர்த்துக்கொள் என்றேன். யோசித்தார். எர்த் கம்பி இறங்குகிற குழிக்கு மேலே ஒரு சாமி படம் வேண்டும் என்றார். கொடுத்தேன். அவரே ஈரத்துணியை எடுத்து உள்வளைவுகளைத் துடைத்தார், உப்புத்தாள் போட்டார், வெளிப்பக்கம் புதுப் பொட்டு வைத்தார். மேடம் மறுபடி முனையை வைத்தார். எல்லாக் கொக்கியும் பாடின. நான் மெதுவாக, பொட்டு இருப்பதால் ஒன்றும் இல்லையே மேடம் என்று கேட்டேன். அவர் எழுதிக்கொண்டே சொன்னார்:

"பொட்டுக்கு எங்க ஃபாரத்துல கட்டம் கிடையாது சார். அதனால அது அங்கேயே இருக்கலாம்."

நகம்

மார்கழிக்கு இரண்டு நாள் முன்னால் ஆச்சி வந்தார். இன்சூரன்ஸ் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஜன்னல் முன்னால் உட்கார்ந்து, சுண்டுவிரல் நகத்தை உள்மூலையில் விட்டு அழுத்தி இழுத்தார். நகம் சுத்தமாக வந்தது. அடுத்த மூலை. அடுத்தது. ஆச்சி எழுந்து, மற்ற ஜன்னல்களை ஏற்றிய லாரி வெளியில்தான் நிற்கிறது, இறக்கச் சொல்லுங்கள் என்றார். பாஸானால் இங்கே, இல்லையென்றால் அப்படியே மதுரைக்கு என்று கையோடு கொண்டுவந்திருக்கிறார்.

ஆட்கள் இறக்கத் தொடங்கியதும் நான் விலையை உறுதிசெய்துகொள்ளப் போனேன். ஏற்கனவே பேசியதுதான், ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆச்சி ஜன்னலை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கையை எதன் மேலும் தட்டாமல் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"மூலையெல்லாம் நல்லா ஏறியிருக்கு தம்பி. ஆனா இம்புட்டுப் பளபளன்னு இருந்தா, பழைய வீட்டு ஜன்னல்னு வர்றவுக எப்படி நம்புவாக? அந்தக் கொறைக்கு ஏதாச்சும் பாத்துத் தள்ளிக் குடுங்க."

கேட்டில் ஏறியதை எர்த்தில் இறக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன், ஆச்சி அன்று எனக்குள் ஏற்றிவிட்டுப் போனதை இறக்கத்தான் பெயிண்ட் அடிக்காத ஒரு கொக்கியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.